தோற்றவனின் கையெழுத்து

மொனாஸ்தீர் என்கிற ஊரின் கடற்கரையில் ஒரு பெரிய ஓட்டல் இருக்கிறது. கோடையில் அதை வாழவைப்பவர்கள் ஐரோப்பாவிலிருந்து வெயில் காய வருகிற தொப்பைக்காரர்கள். குளிர்காலத்தில் வாழவைப்பவர்கள் டென்னிஸ்காரர்கள். வாராவாரம் ஒரு போட்டி. எந்தெந்த நாட்டிலிருந்தோ பையன்கள் ராக்கெட் பையைத் தூக்கிக்கொண்டு வந்து இறங்குவார்கள். ஒருவன் கோப்பையோடு போவான். மற்றவர்கள் எல்லாரும் தோற்றுவிட்டு, அடுத்த வாரப் போட்டிக்காக அங்கேயே அதே மக்கரோனியைத் தின்றுகொண்டு கிடப்பார்கள். தொலைக்காட்சியில் காட்டுகிற டென்னிஸ் வேறு, இது வேறு. இங்கே பந்து பொறுக்கிப் போட ஆள் கிடையாது, கைதட்ட ஆள் கிடையாது. தகுதிச் சுற்றில் பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பார்த்துச் சொல்லக்கூட நாதியில்லை. ஆடுகிறவனே கை தூக்கிச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

இந்த உலகத்தில்தான் வஜ்தி தன் இளமை மொத்தத்தையும் கொண்டுபோய்க் கொட்டினான். கொட்டினான் என்று நான் சொன்னால் உல்ஃபாவுக்குக் கோபம் வரும். அவள் அவனுடைய பெண்டாட்டி. அவனைத் திட்டுகிற உரிமையை அவள் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

வஜ்தியின் வாப்பா ஸஹ்பி, அந்த ஓட்டலின் டென்னிஸ் மைதானங்களைப் பார்த்துக்கொண்டவர். காலையில் மழைத் தண்ணீரைத் தள்ளிவிடுவார், கிழிந்த வலையைத் தைப்பார், கோடு மங்கினால் வெள்ளை அடிப்பார். மகன் சுற்றுலாக்காரர்களுக்குப் பந்து பொறுக்கிக் கொடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே திரிந்தான். யாரோ ஒரு வெள்ளைக்காரன் போகும்போது விட்டுச்சென்ற ராக்கெட்தான் அவனுக்கு முதல் ராக்கெட். ஓட்டல் சலவைக்கூடத்தின் பின்சுவர்தான் முதல் எதிராளி. சுவரிடம் தோற்றுத் தோற்றே அவனுக்கு அப்படி ஒரு இடக்கை வீச்சு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அது பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

பள்ளி முடிக்கிற வயதில் நாட்டிலேயே இளையோர் சாம்பியன். டென்னிஸ் சங்கத்துக்காரர்கள் தலைநகருக்குக் கூப்பிட்டார்கள், தோளில் தட்டினார்கள், படம் எடுத்தார்கள். அடுத்த வருஷம் வேறொருவன் சாம்பியன் ஆனதும் தட்டின கையெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. வஜ்தி தன் பையைத் தூக்கிக்கொண்டு தானாகவே கிளம்பினான். எகிப்து, துருக்கி, மொராக்கோ என்று போகாத ஊர் இல்லை. பேருந்தில் தூங்கி, ரயில் நிலையத்தில் குளித்து, அடுத்தவன் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டிக் கொடுத்து அந்தக் காசில் சாப்பிட்டு ஆடினான்.

கெய்ரோவில் முதல் முறையாகப் பிரதான சுற்றில் ஒரு ஆட்டம் ஜெயித்தான். அதற்கு ஒரே ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளி இருந்தால் போதும், உலகத் தரவரிசையில் பெயர் ஏறிவிடும். பெயர், பக்கத்தில் நாட்டின் சிவப்புக் கொடி, ஒரு எண். ஸஹ்பி காபிக்கடையில் எல்லாருக்கும் தன் செலவில் காபி சொல்லி, கைப்பேசியைத் தூக்கிக் காட்டினார்.

"பாருங்கப்பா! உலகத்துல ஆயிரத்து எண்ணூறு சொச்சமாவது ஆட்டக்காரன் என் மவன்!"

முடிவெட்டுகிற தவ்ஃபீக் காபியை உறிஞ்சிக்கொண்டே, "அந்தக் கணக்குல பாத்தா நான்கூட உலகத்துல ஏதோ ஒரு நம்பர் பார்பர்தான், ஸஹ்பி. எவனும் எண்ணிப் பாக்கல, அவ்வளவுதான்" என்றான்.

"உன்னை எவன்டா எண்ணுவான்? உன்கிட்ட முடி வெட்டிக்கிட்டவன் ஒரு மாசம் தொப்பி போட்டுக்கிட்டுல்ல அலையறான்!"

கடை முழுக்கச் சிரித்தது. ஆனால் அன்றிலிருந்து ஸஹ்பிக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமைதோறும் புதுப் பட்டியல் வரும். காலைத் தொழுகை முடிந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மகன் பெயரைத் தேடி எடுத்துப் பார்ப்பார். பெயர் இருக்கும். அல்ஹம்துலில்லாஹ் என்று கைப்பேசியை மடியில் வைத்துக்கொள்வார்.

உல்ஃபா அவனைச் சந்தித்தது ரயிலில். அவள் க்ஸார் ஹெலால் ஊரில் ஒரு ஆலையில் ஜீன்ஸுக்குப் பின்பாக்கெட் தைக்கிறவள். மேலே வைத்திருந்த அவனுடைய பை சரிந்து அவள் காலில் விழுந்தது. "உள்ளே என்ன, கல்லா?" என்று சீறினாள். "இல்லீங்க, என் ஆபீஸ்" என்றான் அவன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அங்கேயே மாட்டிக்கொண்டாள்.

பெண் கேட்டு வந்த அன்று உல்ஃபாவின் உம்மா தட்டில் கஅக் பலகாரம் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி என்ன வேலை பாக்குறீங்க?"

"டென்னிஸ் ஆடுறேன், மாமி."

"அது சரி, நல்லா ஆடுங்க. வேலை என்ன?"

ஸஹ்பிதான் கைப்பேசியை எடுத்து எண்ணைக் காட்டினார். மாமி அதைப் பார்த்து, "இவ்வளவு பேருக்கு அப்புறமா?" என்று கேட்டாள். இருந்தும் கல்யாணம் நடந்தது. நடத்திக்கொண்டாள் உல்ஃபா.

ஒரு கோடையில் அவன் ஐந்நூறுக்குள் வந்துவிடுவான் போல இருந்தான். இதைவிட ஒரு படி பெரிய போட்டியின் தகுதிச் சுற்றுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று வீட்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அப்போதுதான் முழங்கால் போனது. அறுவை சிகிச்சை முடிந்து திரும்பி வந்தபோது அவனுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் முன்னால் போய்விட்டார்கள். இந்தத் தரவரிசையில் ஒரு கொடுமை உண்டு. ஜெயித்த புள்ளிக்கு ஆயுசு ஒரு வருஷம்தான். அடுத்த வருஷம் அதே வாரம் வந்தால் அது உதிர்ந்துவிடும். அதற்குள் இன்னொன்று ஜெயித்து வைக்க வேண்டும். அவன் ஜெயித்ததும் உதிர்ந்ததுமாகவே வருஷங்கள் ஓடின. வீட்டு வாடகை, மருந்து, நரம்பு, ரயில் எல்லாம் உல்ஃபாவின் தையல் இயந்திரத்திலிருந்து வந்தன. அவள் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. ஆலைத் தோழிகள்தான் சொல்லிக் காட்டினார்கள். "உன் புருஷன் இன்னும் விளையாடிக்கிட்டுத்தான் இருக்கானா? எங்க வீட்டு வாண்டுகூட நிறுத்திருச்சுடி" என்பார்கள். "உங்க வீட்டு வாண்டுக்கு மூச்சு வாங்குது, நிறுத்திருச்சு" என்று அவள் பாக்கெட்டைத் தைத்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பாள். கழிப்பறையில் போய் நின்று மூக்கைச் சிந்திவிட்டு வருவாள்.

இனி அந்தக் கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவனுக்கு எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மறுநாள் பிரதான சுற்று தொடங்கும்போது யாருக்காவது வயிறு கெட்டுப்போகும், தோள் பிசகும், விமானம் தவறும். அப்படி யாராவது விலகினால், தோற்றவர்களில் தரவரிசையில் முந்தியவனைக் கூப்பிட்டு அந்த இடத்தைக் கொடுப்பார்கள். லக்கி லூசர் என்று அதற்குப் பெயர். பெயரைப் பாருங்கள், எவன் வைத்தானோ! ஆனால் ஒரு நிபந்தனை. தோற்றவன் காலையில் முதல் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நேரில் வந்து, நடுவர் மேசையில் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். தொலைபேசியில் சொன்னால் செல்லாது. தம்பியை அனுப்பினாலும் செல்லாது. தோற்றவன் தன் காலால் வந்து நிற்க வேண்டும்.

நேற்று தோற்றவன் இன்று அடுத்தவனுக்கு நோய் வராதா என்று பார்த்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குத் தெரியாது. வஜ்திக்குத் தெரியும். தோற்ற ஒவ்வொரு முறையும் அவன் போய்க் கையெழுத்துப் போட்டான். ராக்கெட் பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, மரவட்டை மாதிரி சுருண்டு, மாலைவரை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தான். ஒருமுறைகூட அவன் பெயரைக் கூப்பிடவில்லை. ஒரே ஒரு தடவை ஒருவன் விலகினான். அன்று வஜ்திக்கு முன்னால் வேறொருவன் வரிசையில் இருந்தான்.

அந்தக் காலைகளில் அவனை எழுப்புவது உல்ஃபாவின் வேலை. ஆட்டம் ஆடி வந்தால் அவன் பிணம் மாதிரித் தூங்குவான், எந்த அலாரமும் காதில் ஏறாது. அவர்கள் இருந்தது பக்கத்து ஊரான க்னீஸில். விடிகிற நேரத்தில் அவளுக்கு ஆலை வண்டி வரும். அதற்கு முன் வறுத்த மாவில் எண்ணெய் ஊற்றி ப்ஸீஸா குழைத்து அவன் தலைமாட்டில் வைப்பாள், அவன் பாதத்தைப் பிடித்து ஆட்டுவாள். "எந்திரி, தோத்தவனே. கையெழுத்துப் போடணும்ல?" என்பாள். அவன் கண்ணைத் திறக்காமலே சிரிப்பான். அவர்களுக்குள் அது ஒரு கொஞ்சல்.

கடைசி வருஷம் வந்தது. அவனுக்கு முப்பத்து நாலு வயது. கையில் இருந்தது ஒரே ஒரு புள்ளி, அதுவும் அந்த வாரப் போட்டி முடிந்ததும் உதிரப் போகிறது. ஓட்டலில் சுற்றுலாக்காரர்களுக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிற வேலை தயாராக இருந்தது. மேலாளர் பதில் கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

"சேந்துக்கயேன் வஜ்தி. மாசச் சம்பளம், மதியச் சாப்பாடு. என்ன குறைச்சல்?" என்றாள் உல்ஃபா, பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே.

"சேந்துக்கறேன். இந்த வாரம் ஆடிட்டு."

"இந்த வாரம் ஆடினா என்ன ஆகும்?"

"பிரதான சுத்துல ஒண்ணு ஜெயிச்சா இன்னும் ஒரு வருஷம் பேரு இருக்கும். பேரு இருக்கற வரைக்கும் நான் ஆட்டக்காரன், உல்ஃபா. ஓட்டல்ல சொல்லிக்குடுத்தாலும் ஆட்டக்காரன் சொல்லிக்குடுக்கறான்னு இருக்கும். பேரு போயிட்டா, பந்து பொறுக்கினவன் பழையபடி பந்து பொறுக்கறான்னுதான் இருக்கும். வேற ஒண்ணும் இல்ல."

வேறு ஒன்றும் இல்லையாம். அவள் ஈரக்கையோடு வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

அந்த வாரம் காற்று அடித்தது. தகுதிச் சுற்றில் முதல் ஆட்டத்தை எப்படியோ ஜெயித்துவிட்டான். கடைசி ஆட்டத்தில், முடிகிற தறுவாயில், எதிராளியான ஒரு போலந்துப் பையனின் பந்து பின்கோட்டில் போய் விழுந்தது. காற்றில் தூசி பறந்தது. யாரும் பார்க்கவில்லை. வஜ்தி கை தூக்கியிருந்தால் பந்து வெளியே, ஆட்டம் அவன் பக்கம் திரும்பியிருக்கும். அவன் கையைத் தூக்கவில்லை. நல்ல பந்து என்று உள்ளங்கையைக் காட்டினான். அடுத்த சில நிமிஷத்தில் தோற்றுப்போனான். வேலிக்கு வெளியே நின்ற ஸஹ்பி, "முட்டாப்பயலே, முட்டாப்பயலே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்த வஜ்தி சாப்பிட்டான், முழங்காலில் பனிக்கட்டி வைத்துக் கட்டினான். "காலையில எழுப்பு. இன்னிக்குத் தோத்தவங்கள்ல தரவரிசையில பேரு இருக்கறது எனக்கு மட்டும்தான். எவன் விலகினாலும் முதல்ல என்னைத்தான் கூப்பிடணும்" என்றான்.

"எழுப்பறேன், தூங்கு."

விடிவதற்கு முன் பாங்கு ஒலித்தது. உல்ஃபா எழுந்து ப்ஸீஸா குழைத்தாள். கிண்ணத்தைக் கொண்டுவந்து தலைமாட்டில் வைத்தாள். வைத்துவிட்டு அவன் கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வைக்கு வெளியே பாதம் நீட்டிக்கொண்டு இருந்தது. நகங்கள் கறுத்துப் போயிருந்தன. முழங்கால் வீங்கி, கட்டுத்துணி நனைந்திருந்தது.

கையை நீட்டியவள் நிறுத்திவிட்டாள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி அவளுக்கு ஞாபகம் வந்தது. சாயங்காலம் அதிலிருந்து எழுந்து அவன் வீட்டுக்குள் வருகிற முகம் ஞாபகம் வந்தது. பூட்ஸைக்கூட அவிழ்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். தோற்கிற ஆட்டம் ஒருநாள் வலி. இந்தக் காத்திருப்பு அவனை அரித்து அரித்துத் தின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் வராத அழைப்பா இன்று வரப்போகிறது? இன்னும் ஒருநாள் அவனைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில் உட்காரவைக்க என்னால் முடியாது, அல்லாஹ்வே, முடியாது என்று நினைத்தாள். தூங்கட்டும் என் ராசா, தூங்கட்டும்.

போர்வையை இழுத்து அவன் பாதத்தை மூடினாள். வெளியே ஆலை வண்டி ஹார்ன் அடித்தது. போய்விட்டாள்.

ஆலையில் தேநீர் இடைவேளையில் கைப்பேசி அடித்தது. ஓட்டலில் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டுகிற ஹிஷேம். வஜ்தியின் சிறுவயதுக் கூட்டாளி.

"தங்கச்சி, வஜ்தி எங்கே? போனை அணைச்சு வச்சிருக்கான்!"

"ஏன் அண்ணே?"

"என்ன ஏன்? செக் நாட்டுக்காரன் ஒருத்தனுக்கு வாந்தி பேதி. விலகிட்டான். இன்னொருத்தனுக்கு முதுகு புடிச்சுக்கிச்சு. ரெண்டு இடம், தங்கச்சி! ரெண்டு இடம்!"

அவள் தேநீரை வைத்துவிட்டு எழுந்தாள். "இப்ப வரச் சொல்லட்டா? டாக்ஸி புடிச்சு..."

"நேரம் தாண்டிருச்சும்மா. நடுவர் நெஜியா மதாம் பேனாவை மூடாம வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கடைசி நிமிஷம் வரைக்கும் பாத்தாங்க. கையெழுத்து இல்லாதவனை அவங்க எப்படிக் கூப்பிட முடியும்? இவன் ஒருநாளும் தவறினது இல்லையே. உடம்பு சரியில்லையா?"

அவள் கைப்பேசியை வைத்துவிட்டாள். அன்று அவள் தைத்த பாக்கெட்டெல்லாம் கோணலாகப் போனது. மேற்பார்வைக்காரி கத்தியதுகூட அவள் காதில் விழவில்லை.

வஜ்திக்கு வர வேண்டிய இடம் ஒரு அல்ஜீரியப் பையனுக்குப் போனது. அவன் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. எதிரே ஆடிய இத்தாலிக்காரன் முதல் செட்டிலேயே கணுக்காலைப் பிசகிக்கொண்டு ஆட்டத்தை விட்டுவிட்டான். வேர்க்கக்கூட இல்லை, அல்ஜீரியனுக்கு ஒரு புள்ளி. வயிறு எரிகிறது சொல்வதற்கே.

சாயங்காலம் உல்ஃபா வீட்டுக்கு வந்தபோது ஸஹ்பி நடுவீட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார். வஜ்தி தரையில் உட்கார்ந்து ராக்கெட் கைப்பிடியில் பழைய சுற்றுத்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"ஏன்டா போகல? சொல்லு! அந்த இடம் உன் இடம்டா! அந்தப் புள்ளி உன் புள்ளி! கால் ஒடிஞ்சா கிடந்தே? இவ எழுப்பலையா?"

உல்ஃபா வாசலிலேயே நின்றுவிட்டாள். இதோ சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தாள்.

"எழுப்பினா வாப்பா" என்றான் வஜ்தி, தலை நிமிராமல். "நான்தான் எந்திரிக்கல. அலுப்பா இருந்துச்சு, திரும்பிப் படுத்துட்டேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

ஸஹ்பி மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். உல்ஃபாவும் அன்று உண்மையைச் சொல்லவில்லை. தூக்கக் கலக்கத்தில் நான் எழுப்பியதாகவே நினைத்துக்கொண்டானோ என்று அவளுக்கு ஒரு நினைப்பு. என்னைக் காப்பாற்றப் பொய் சொன்னானோ என்று இன்னொரு நினைப்பு.

திங்கட்கிழமை புதுப் பட்டியல் வந்தது. ஸஹ்பி தொழுகை முடித்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். மகன் பெயரைத் தட்டினால் வரவில்லை. கருவிக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து, முதலிலிருந்து விரலால் தள்ளித் தள்ளிக் கடைசிப் பெயர்வரை போய்ப் பார்த்தார். வெயில் ஏறும்வரை பார்த்தார். பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். அதற்கப்புறம் எந்தத் திங்கட்கிழமையும் அவர் கண்ணாடியைத் தேடவில்லை.

வஜ்தி ஓட்டல் வேலையில் சேர்ந்தான். வெள்ளைக்காரக் கிழவிகளுக்கு ராக்கெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். நல்லபடியாகத்தான் நடந்துகொண்டான், சிரித்தான், தேநீர் வாங்கிக் கொடுத்தால் குடித்தான். ஆனால் வீட்டில் அந்தத் தோத்தவனே என்கிற கொஞ்சல் நின்றுபோனது. அவள் சொல்லவும் இல்லை, அவன் கேட்கவும் இல்லை.

நோன்பு வந்தது. ஒருநாள் நோன்பு திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அடுப்பில் சூப் கொதித்துக்கொண்டிருந்தது. வஜ்தி பேரீச்சம்பழத்தைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். நோன்பு வாயோடு இதை இனியும் மறைக்கக் கூடாது என்று உல்ஃபாவுக்குத் தோன்றிவிட்டது.

"வஜ்தி, அன்னிக்கு நான் உன்னை எழுப்பல."

அவன் பழத்தை அடுக்கிக்கொண்டே இருந்தான்.

"தெரியும்."

"தெரியுமா?"

"நான் முழிச்சுத்தான் இருந்தேன். முழங்கால் வலியில தூக்கமே வரல. நீ கிண்ணத்தைக் கொண்டுவந்து வச்சது தெரியும். கால்மாட்டுல உக்காந்தது தெரியும்."

"அப்புறம் ஏன் எந்திரிக்கல? பாவி, முழிச்சிருந்தவன் ஏன் எந்திரிக்கல?"

"நீ எழுப்புவேன்னு காத்துக்கிட்டு இருந்தேன்." அவன் இப்போதுதான் அவளைப் பார்த்தான். "டாக்டர் என்னைக் கைவிட்டுட்டாரு. சங்கத்துக்காரங்க எப்பவோ விட்டுட்டாங்க. வாப்பாகூட வேலியில நின்னு அழுதாரு, நான் பாத்தேன். நீ ஒருத்திதான் பாக்கி. நீ காலைப் புடிச்சு ஆட்டினா ஓடியிருப்பேன், உல்ஃபா. நொண்டிக்கிட்டே ஓடியிருப்பேன். நீ போர்வையை இழுத்து மூடினே."

"உன்னைப் பாக்கப் பாவமா இருந்துச்சு..."

"ஆமா" என்றான் அவன். "அதான்."

பாங்கு ஒலித்தது. அவன் ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து முதலில் அவள் கையில் வைத்தான். அவளால் அதை வாயில் போட முடியவில்லை.

இப்போதும் அவர்கள் க்னீஸில்தான் இருக்கிறார்கள். அவனுடைய முதல் பாடம் வெயில் ஏறிய பிறகுதான், இன்னும் நன்றாகத் தூங்கலாம். ஆனாலும் ஆலை வண்டி வருவதற்கு முன் உல்ஃபா ப்ஸீஸா குழைத்துக்கொண்டுவந்து தலைமாட்டில் வைக்கிறாள், கால்மாட்டில் உட்கார்ந்து அவன் பாதத்தைப் பிடித்து ஆட்டுகிறாள். "எந்திரி, நேரமாச்சு" என்கிறாள். ஒரு நேரமும் ஆகியிருக்காது. அவன் எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தை வாங்கிக்கொள்கிறான். எதற்கு எழுப்பினாய் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை.